பதினேழாம் கட்டம்

கோத்தகிரி வங்கிக் கிளையில்
கல்விக்கடன் படிவத்தின் பதினேழாம் கட்டம்
இரண்டு அங்குல நீளம்:
"வெளிநாட்டுப் படிப்பால் விளையும் பயன்."
வேலைவாய்ப்பு என்று எழுதினேன்.
பேனா வங்கியுடையது, நூலால் கட்டியிருந்தது.
அதற்குமேல் எட்டவில்லை.

இன்று முப்பத்தோராவது தவணை.
அதே கவுண்ட்டர், அதே நூல், வேறு பேனா.
வெளியே ஜான்ஸ்டன் சதுக்கத்தில் மழை.
ஊட்டி பஸ்ஸைக் காணோம்.
நேரம் இருக்கிறது, சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் கடல் தாண்டிய முதல் ஆள் நானில்லை.
கொள்ளுத்தாத்தாவைக் கங்காணி கணக்கில் ஏற்றிக்
கண்டிக்கு அனுப்பினார்கள்.
அப்பாவை ஆறு வயதில்
தலைமன்னாரில் கப்பலேற்றி
ஒப்பந்தப்படி இந்த மலைக்கு அனுப்பினார்கள்.
இரண்டு முறையும் யாரும் எதுவும் கேட்கவில்லை.
அபர்டீன் போகிற வழியில்
கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் கேட்டாள்:
"பயணத்தின் நோக்கம்?"
நான்கு தலைமுறை கழித்து
அந்தக் கேள்வி எங்களுக்கு வந்து சேர்ந்தது.
"படிக்க" என்றேன்.
அவளுக்கு அது இன்னொரு முத்திரை.

பயன் ஒன்று, பயன் இரண்டு என்று
எண் போட வரவில்லை. எல்லாம் கலந்து கிடக்கிறது.

குளிர் எனக்குப் பெரிதில்லை, நான் மலைக்காரி
என்று பீற்றிக்கொண்டு போனேன்.
டிசம்பரில் மூன்றரை மணிக்கே இருட்டியது.
மீன்வறுவல் கடையில் தட்டு கழுவிவிட்டு
ராத்திரி ஒரு மணிக்குத் தனியே நடந்து வருவேன்.
யார் மகள் என்று வழியில் யாரும் கேட்கவில்லை.
முதல் வாரம் அது சுதந்திரம்.
ஆறாவது வாரம் அழுகை.
பிறகு, வெறும் வழி.

சமையலறையில் ங்கோசியும் பவுலினாவும்.
மூவருக்கும் ஆங்கிலம் இரவல் சட்டை,
ஆளுக்கொரு இடத்தில் பிடித்தது.
சிரமப்பட்டு ழகரம் பழகிய பவுலினா
அதைச் செலவழிக்க வேண்டுமே என்று
கடைசிவரை என்னைக் கயழ்விழி என்றாள்.

ஒரு நாள் வகுப்பில்
பேராசிரியரின் வரைபடத்தில் ஓர் எண் தப்பு.
எழுந்தேன். பள்ளிக்கூட வழக்கப்படி
முழங்கால் நடுங்கியது.
"சார்" என்று தொடங்கி
"அலிஸ்டர்" என்று திருத்தி
"இது தவறு" என்றேன்.
கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார்.
"ஆமாம், நன்றி."
அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.
அவ்வளவுதான். கூரை விழவில்லை.
இதற்குப் பதினோரு சதவீத வட்டி
அதிகமில்லை, மேலாளர் அவர்களே.

ஏப்ரலில் சதுப்புநிலம் அளக்கப் போன பாதையில்
குன்று முழுக்க மஞ்சள்.
தெரிந்த முள், தெரிந்த பூ.
துரைமார் ஊட்டியில் கொண்டுவந்து நட்டு
நம் புல்வெளியைத் தின்றுகொண்டிருக்கும் அதே செடி.
அங்கே அது ஊர்க்காரன்,
தேனீக்களோடு அதன் பாட்டுக்கு நின்றது.
வந்தேறி நான்தான்.
குனிந்து முகர்ந்தேன்.
தேங்காய் வாசனை!
இருபத்திரண்டு வருடம் அதன் பக்கத்திலேயே வளர்ந்தும்
ஒரு நாளும் முகர்ந்து பார்த்ததில்லை.

இப்போது அவலாஞ்சிப் பக்கம்
சதுப்பில் குழாய் இறக்கி நீர்மட்டம் குறிக்கிறேன்.
அந்த முள்ளை வேரோடு பிடுங்குகிறவர்களுக்குக்
கையுறை வாங்கித் தரச்சொல்லி
மாதம் இரண்டு கடிதம் எழுதுகிறேன்.
பூக்கும்போது பிடுங்கச் சொல்ல
இன்னும் மனசு வரவில்லை.
தவணை போகச் சம்பளத்தில் கொஞ்சம் மிஞ்சுகிறது.
வேலைவாய்ப்பு என்று எழுதியது பொய்யில்லை.

ஜாமீன் போட்ட ஸ்பேர்பார்ட்ஸ் கடை ஐசக் தேவாசீர்
எதிர்ச் சாரியில் ஷட்டரை இறக்குகிறார்.
ஏன் போட்டார் என்று
இன்றுவரை அவர் சொல்லவில்லை.
பயன் என்ன என்று
அவரும் என்னைக் கேட்டதில்லை.

பஸ் வந்துவிட்டது.
கட்டத்தில் இடமில்லை, பின்பக்கம் பார்க்கவும்
என்று அன்றே எழுதியிருக்கலாம்.
அன்று பின்பக்கம்
காலியாகத்தான் இருந்தது.